ஓபர்ஹோல்ட்ஸர் மேயரைக் குதறிய விவகாரம்

வியாழக்கிழமை பிற்பகல், கடைசிப் பதிப்பு அச்சுக்கு இறங்கிய பிறகு, 'ஈவினிங் டார்ச்' பத்திரிகையின் வினைச்சொல் குழுக் கூட்டத்தில் இருந்தவர்கள்:

ப்ராட்ஃபோர்ட் ஹக்கபி, ஆசிரியர், உரிமையாளர். போர்க்காலத்தில் ராணுவத்துக்குக் காலுறை வாங்கிக் கொடுக்கும் பிரிவில் இருந்தவர். அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிட வேண்டும்.

கஸ் வென்னர்ஸ்ட்ராம், தலைப்பு மேசையின் தலைவர். குதிரை லாடம் போல வளைந்த அந்த மேசையின் உட்பக்கம் உட்காரும் உரிமை அவர் ஒருவருக்குத்தான்.

லெராய் பிங்கம், நகரசபை நிருபர். கூட்டங்களில் தூங்கிவிடுவார். விழித்ததும் எழுதுவார்.

நான். மேசையின் வெளிப்பக்கம், ஜன்னல் ஓரம்.

ஆர்வில் ஓபர்ஹோல்ட்ஸர், நகரக் குடிநீர்த் துறை ஆய்வாளர். குழுவில் உறுப்பினர் அல்ல. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். திருத்தம் கேட்டு வந்திருந்தார்.

இவர்களைத் தவிர ஒரு தட்டு டோனட்.

முதலில் அந்த வாரத்துப் புகார்களைப் பார்த்தோம். தோட்டச் சங்கத் தலைவி ட்யூலிப் கிழங்குகளைப் பற்றிப் பேசியதை 'கர்ஜித்தார்' என்று போட்டிருந்தோம். அந்த அம்மாள் புகார் செய்யவில்லை. பத்திரிகையைக் கட்டாக வாங்கிப் போய் உறவுக்காரர்களுக்கு அனுப்பினார். மெதடிஸ்ட் பாதிரியார்தான் மனம் வருந்தியிருந்தார். மழைக்காக அவர் கடவுளை 'நெருக்கினார்' என்று போட்டிருந்தோம்.

"வேண்டினார்னு போட்டிருந்தா என்ன குறைஞ்சிடும்னு கேக்கறார், கர்னல்" என்றார் கஸ்.

"கடவுள் புகார் பண்ணினாரா?"

"இல்ல."

"அடுத்தது."

அடுத்தது ஓபர்ஹோல்ட்ஸர்.

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை நகரசபையில் யாரோ கிழக்குத் தெருக்களில் குழாயில் தண்ணீர் மெலிந்து வருகிறது என்றார்கள். ஓபர்ஹோல்ட்ஸர் எழுந்து, "ஃபெர்ரி தெரு வால்வை ஒரு தடவை பார்த்துட்டா நல்லதுன்னு தோணுது, மேயருக்குச் சரின்னு பட்டா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேயர் க்ளைட் கே தலையாட்டினார். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். மறுநாள் டார்ச்சின் முதல் பக்கத்தில் வந்தது:

ஓபர்ஹோல்ட்ஸர் மேயரைக் குதறினார்

"நான் அவரைக் குதறலைங்க" என்றார் ஓபர்ஹோல்ட்ஸர். "எனக்கும் க்ளைடுக்கும் பள்ளிக்கூடத்துல இருந்து பழக்கம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பௌலிங் ஆடப் போனா என்கூட பேச மாட்டேங்கறான். பந்தைக்கூடத் திருப்பித் தர மாட்டேங்கறான். வர்ற வசந்தத்துல எனக்கு ஓய்வூதியம். மேலதிகாரியைப் பொதுவுல தாக்கிப் பேசினா வேலை போயிடும்னு நகர விதி இருக்கு. வேலை போனா ஓய்வூதியமும் போச்சு. நான் சொன்னேன்னு மட்டும் போடுங்க, போதும்."

பிங்கம் டோனட் மெல்லுவதை நிறுத்தினார்.

ஓபர்ஹோல்ட்ஸருக்குத் தெரிய நியாயமில்லை. டார்ச்சில் 'சொன்னார்' என்ற வார்த்தைக்கு இடம் கிடையாது. யாராவது எழுதிவிட்டால் அவர் நாற்காலி மேல் ஏறி நின்று அந்த வாக்கியத்தை உரக்கப் படிக்க வேண்டும். அவர் படித்து முடிக்கும்வரை மற்றவர்கள் குறட்டை விட வேண்டும். போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரே செய்தியில் பல தடவை அதை எழுதிவிட்டு, நாற்காலியிலிருந்து இறங்கியதும் இன்ஷூரன்ஸ் விற்கப் போய்விட்டார்.

ஹக்கபி எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் நாங்கள் டோனட்டைக் கீழே வைத்துவிட வேண்டும்.

"மிஸ்டர் ஓபர்ஹோல்ட்ஸர், சொன்னாருங்கறது ஒரு பொணம். நான் இந்தப் பத்திரிகையை வாங்கினப்போ இந்த ஊர்ல எல்லாரும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. மேயர் சொன்னார், ஷெரீஃப் சொன்னார், பால்காரர் சொன்னார். யாராவது படிச்சானா? அதுல மீன் சுத்தினான். இன்னிக்குப் பாருங்க. இந்த ஊர்ல யாரும் சும்மா நடக்கறதில்ல, பாயறாங்க. யாரும் கேக்கறதில்ல, உலுக்கறாங்க. பட்ஜெட்டைக் குறைக்கறதில்ல, வெட்டிச் சாய்க்கறாங்க. இந்த ஊருக்கு நான் ரத்த ஓட்டம் குடுத்திருக்கேன். என்ன நடந்ததுங்கறது நிருபர் வேலை. அதுல நான் ஒருநாளும் தலையிட்டதில்ல. நடந்திருந்தா எப்படி இருந்திருக்கும்கறதுதான் என் வேலை."

"நடக்கலையே" என்றார் ஓபர்ஹோல்ட்ஸர்.

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நீங்கதான் நடத்தியிருக்கணும்."

கஸ் கெட்டவர் அல்ல. மேசைக்கு உள்ளேயிருந்து பித்தளை அளவுகோலை எடுத்து, அன்றைய பத்திரிகை மேல் வைத்துக் காட்டினார். "இங்க வாங்க. இதான் ஒரு பத்தி. இவ்வளவுதான் அகலம். உங்க பேரை வெச்சதும் பாருங்க, எவ்வளவு மிச்சம்?"

ஓபர்ஹோல்ட்ஸர் குனிந்து பார்த்தார். விரல் நகம் அளவுக்கு இருந்தது.

"இதுக்குள்ள வினைச்சொல் உட்காரணும். எங்க பாஷையில சாதுவான சொல் எல்லாம் நீளம். குட்டையா இருக்கறது எல்லாம் அடிதடி. மேயருக்கு ஆலோசனை கூறினார்னு போட்டா உங்க பேர் பக்கத்துப் பத்தியில போய் விழும். அங்க சோப்பு விளம்பரம்."

"பேரை விட்டுடுங்களேன். ஆய்வாளர்னு போடுங்க."

"பேர் போட்டாத்தான் பேர்க்காரன் வாங்குவான்" என்றார் ஹக்கபி. "அவன் மச்சினனும் வாங்குவான். இது கொள்கை."

"மேயரைப் பாருங்க" என்றார் கஸ். "கே. எவ்வளவு இடம் மிச்சம்! அதுல பெருந்தன்மை உட்காரும், தொலைநோக்கு உட்காரும், ஆழ்ந்த கவலை உட்காரும். போன வருஷம் அவர் குடிச்சிட்டுத் தீயணைப்பு வண்டியை ஓட்டினப்போ 'மேயர் கே நேரில் மேற்பார்வை'ன்னு போட்டோம். அந்த மனுஷன் மூணு தடவை ஜெயிச்சது எதனாலன்னு நினைக்கறீங்க?"

ஓபர்ஹோல்ட்ஸர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அப்ப எனக்குத் திருத்தம்?"

திருத்தம் உண்டு என்றார் ஹக்கபி. டார்ச் நேர்மையான பத்திரிகை. குழு அரை மணி நேரம் விவாதித்தது. 'மறுத்தார்' என்றால் ஏதோ செய்திருக்கிறார் என்று ஆகும் என்றேன். 'விளக்கமளித்தார்' நீளம் என்றார் கஸ். பிங்கம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார், யோசிப்பதாகத்தான் நினைத்தோம். வெள்ளிக்கிழமை அதே இடத்தில், அதே எழுத்தில் திருத்தம் வந்தது:

ஓபர்ஹோல்ட்ஸர் பல்டி

மேயர் உண்மையில் அந்த விஷயத்தை மறந்துவிடும் நிலையில்தான் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பல்டியைப் பார்த்த பிறகு மறக்க முடியவில்லை. பல்டி அடித்திருக்கிறான் என்றால் முதலில் நேராக நின்றிருக்கிறான் என்று அர்த்தம்.

பிங்கம் அவருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மேயர் சார், ஓபர்ஹோல்ட்ஸர் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"ஒண்ணும் நினைக்கலப்பா. ஆப்பிள் பை சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்ப இன்னும் முடிவுக்கு வரலை?"

"முதல்ல பையை முடிக்கறேன்."

மேயரின் பெயருக்குப் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது. எனவே: 'மேயர் கே நடவடிக்கை குறித்து ஆழ்ந்து பரிசீலிக்கிறார்.'

மறுநாள் காலை மேயர் தன் செயலாளரிடம் பத்திரிகையை நீட்டினார். "நான் பரிசீலிக்கிறேனாமே. எதை?"

"ஆர்விலை வேலையை விட்டு அனுப்பறதை, சார்."

"அப்படியா." கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு நாளா இருக்கும்னு போட்டிருக்கு."

"ரெண்டு நாளா பரிசீலிச்சிட்டு ஒண்ணும் பண்ணலைன்னா ஊர் என்னை என்ன நினைக்கும்?"

ஓபர்ஹோல்ட்ஸரைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்தார். முழுசாக நீக்குவதா என்பதை அடுத்த வாரம் நகரசபை தீர்மானிக்கும். பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தால் யோசிக்கலாம் என்றும் அறிவித்தார். பகிரங்கம் என்றால் இந்த ஊரில் டார்ச். வேறு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை ஓபர்ஹோல்ட்ஸர் மறுபடி வந்தார். இந்த முறை மனைவி எர்மாவும் கூட வந்தாள். எர்மா குட்டையான பெண், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள், அது எழுந்து யாரையாவது அடித்துவிடும் என்பதுபோல.

"தயவுசெஞ்சு என்னைப் பத்தி எதுவும் எழுதாதீங்க" என்றார் ஓபர்ஹோல்ட்ஸர்.

பிங்கம் பென்சிலை எடுத்தார். ஓபர்ஹோல்ட்ஸர் அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதுவும் வந்தது. செவ்வாய்க்கிழமை: 'ஓபர்ஹோல்ட்ஸர் பாய்ச்சல்', டார்ச் மீது. ஹக்கபிக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னைத் தாக்குபவனுக்கும் முதல் பக்கத்தில் இடம் தரும் பத்திரிகை இந்த மாநிலத்தில் வேறு எது என்று கேட்டு ரோட்டரி சங்கத்தில் பேசினார். அந்தப் பேச்சின்போது அவர் 'முழங்கினார்'.

அந்த வாரம் பத்திரிகை ஆபீஸ் கழிவறையில் குழாயைத் திறந்தால் நூல் மாதிரி தண்ணீர் வந்தது. கை கழுவ வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. யாரும் அதை ஒரு செய்தியாக நினைக்கவில்லை. வால்வுக்குப் பெயர் கிடையாது, மச்சினன் கிடையாது.

நகரசபை கூடுவதற்கு இரண்டு நாள் இருந்தபோது வினைச்சொல் குழு சிறப்புக் கூட்டம் கூட்டியது. ஓபர்ஹோல்ட்ஸர் தம்பதிக்கு நாற்காலி போட்டோம். வருத்தம் தெரிவிக்க ஓபர்ஹோல்ட்ஸர் தயார். வெளியிட டார்ச் தயார். ஆனால் அந்தப் பெயருக்கும் 'மேயரிடம் வருத்தம் தெரிவித்தார்' என்பதற்கும் ஒரே பத்தியில் இடமில்லை. கஸ் முந்தின நாள் முழுக்க முயன்று பார்த்திருந்தார். அவருடைய சாம்பல் கிண்ணம் நிரம்பி வழிந்தது.

"என்ன உட்காருதுன்னா, 'ஓபர்ஹோல்ட்ஸர் அழுகை'. 'ஓபர்ஹோல்ட்ஸர் சரண்'. அப்புறம் 'ஓபர்ஹோல்ட்ஸர் பலி', ஆனா அது வேற செய்தி."

"இவர் அழவே மாட்டார்" என்றாள் எர்மா. "இவங்க அப்பா செத்தப்பவே அழலை."

"ரெண்டு பத்தில போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

ஹக்கபி என்னைப் பார்த்தார். "ரெண்டு பத்தித் தலைப்பு போருக்கும் கால்பந்துக்கும். குடிநீருக்கு இல்ல."

அப்போது கஸ் அந்த யோசனையைச் சொன்னார். மிகவும் அன்பாக, அளவுகோலை ஓபர்ஹோல்ட்ஸரின் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சொன்னார். "ஆர்வில், இங்க யாரும் உனக்கு எதிரி இல்ல. உன் பேர்தான் எதிரி. அதைக் குறைச்சுக்கோ."

"குறைச்சுக்கறதுன்னா?"

"கோர்ட்ல. சட்டப்படி. நம்ம மாவட்டத்துல அரை நாள் வேலை. கே மாதிரி ஒண்ணு. லீ. டோ. ரோ."

"நல்ல பேர் ரோ" என்றார் பிங்கம், கண்ணைத் திறக்காமல். "ரோவுக்கு நான் என்ன வேணா எழுதுவேன்."

எர்மா எழுந்தாள். "இந்தப் பேரை ஒழுங்கா எழுத எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. என் துண்டு, தலையணை உறை எல்லாத்துலயும் தெச்சு வெச்சிருக்கேன். நீங்க பத்தியை அகலமாக்குங்க."

ஹக்கபிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அம்மா, அச்சு மிஷின்ல பத்தி இரும்புல இருக்கு" என்றார்.

எங்கள் தெருவில்தான் ஓபர்ஹோல்ட்ஸர் வீடு. அன்று மாலை வாசல் புல்லுக்குத் தண்ணீர் விட ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வரவில்லை, ஆனாலும் நின்றார். மறுநாள் காலை கோர்ட்டுக்குக் கூட வர முடியுமா என்று என்னைக் கேட்டார். என்னிடம் கார் இருந்தது.

நீதிபதி வாண்டர்ஸ்லைஸ் மனுவைப் படித்தார். "காரணம்?"

"பத்தி அகலம், யுவர் ஆனர்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் ஏதோ மாறியது. "போன மாசம் ஒரு விதவைக்கு நான் வாய்தா குடுத்தேன். 'வாண்டர்ஸ்லைஸ் விதவையை உதைத்தார்'னு போட்டாங்க. என் மக காலேஜ்ல இருந்து போன் பண்ணி அழுதா." கையெழுத்துப் போட்டார். "எனக்கும் ஆசைதான் ஆர்வில். ஆனா நீதிபதின்னா பேர் கொஞ்சம் நீளமா இருக்கணும்னு எதிர்பாக்கறாங்க."

வெளியே வரும்போது அவர் ஆர்வில் ரோ. க்ளீவ்லண்டில் இருந்த அண்ணனுக்குப் போன் செய்து சொன்னார். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, "எந்த ரோ?" என்றார், போனை வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் டார்ச்சில் வந்த தலைப்பைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அவ்வளவு இடம் கிடைத்ததில் கஸ் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். பெயர் ஒரே எழுத்து, மிச்ச இடமெல்லாம் மரியாதை: 'ரோ, மேயர் கேயிடம் மனப்பூர்வமாக வருத்தம் தெரிவித்தார்.' டார்ச்சில் பல வருடங்களாக யாரும் மனப்பூர்வமாக எதையும் செய்ததில்லை. அச்சுக் கோப்பவர்கள் மேலே வந்து பார்த்தார்கள். ஹக்கபி மூக்கைச் சிந்தினார். "இதுக்குத்தான் பத்திரிகை நடத்தறேன்" என்றார்.

இரண்டாம் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. பிங்கம் கோர்ட்டுப் பக்கம் போகவில்லை. நகரசபையில் விசாரித்து, வருத்தம் தெரிவித்து ஓபர்ஹோல்ட்ஸரிடமிருந்து எதுவும் வரவில்லை என்று அறிந்து, கடமை தவறாமல் எழுதியிருந்தார். கஸ் பழக்கத்தில் அதற்கும் தலைப்பு கொடுத்திருந்தார். பழைய பெயர், பழைய அகலம்:

ஓபர்ஹோல்ட்ஸர் முரண்டு

சாயந்திரம் மேயர் இரண்டையும் படித்தார். மறுநாள் நகரசபைக் கூட்டத்தில் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். முன்வரிசையில் ஆர்வில் இருந்தார், சர்ச்சுக்குப் போடும் சட்டையில்.

"இந்த ரோ யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார் மேயர். "ஆனா இவர் ஒரு கண்ணியமான மனுஷன். தப்பே செய்யாம மன்னிப்புக் கேக்கறார். தப்பு செஞ்ச ஓபர்ஹோல்ட்ஸர் முரண்டு பிடிக்கறான். ஒரே நாள்ல, ஒரே பத்திரிகையில. வித்தியாசத்தைப் பாருங்க."

"க்ளைட்" என்றார் ஆர்வில். "நான்தான் ரோ."

"எனக்குத் தெரியும்டா ஆர்வில்" என்றார் மேயர், குரலைத் தாழ்த்தி. "ஊருக்குத் தெரியாதே."

"சொல்லேன்."

மேயர் சிரித்துவிட்டார். சபையும் சிரித்தது. இந்த ஊரில் சொல்லி யாருக்கு என்ன ஆகிவிடும்?

ஓபர்ஹோல்ட்ஸரை நீக்கும் தீர்மானம் நிறைவேறியது. ரோவைப் பாராட்டும் தீர்மானமும் நிறைவேறியது. எர்மா எழுந்து, அப்படியானால் ரோவை அந்த வேலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நகர எழுத்தர் மிஸ் ப்ரூயிட் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். புதிதாகச் சேருவதற்கு மிஸ்டர் ரோவின் வயது அதிகம் என்று வருத்தத்துடன் தெரிவித்தார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. பிங்கம் தூங்கிக்கொண்டிருந்ததால் அது பதிவாகவில்லை.

எர்மாவை அவள் தங்கை வீட்டில் இறக்கிவிட்டு, மறுநாள் காலை ஆர்விலை நீரேற்று நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். திருத்தம் கேட்க டார்ச்சுக்குப் போகலாமா என்று வழியில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "நிலையத்துல என் சட்டை, சாப்பாட்டு டப்பா, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருக்கு" என்றார். "அதை எடுத்துட்டா முடிஞ்சது."

உள்ளே வெர்ன் ஸ்டக்கி இருந்தான். ஆர்விலுக்குக் கீழே வேலை பார்த்தவன். இப்போது அந்த நாற்காலி அவனுக்கு. பெரிய பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்வில் பழக்கத்தில் சுவரிலிருந்த அழுத்தமானி முன்னால் நின்று முள்ளைப் பார்த்தார். முள் எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"வெர்ன், ஃபெர்ரி தெரு..." என்று ஆரம்பித்தார்.

வெர்ன் என்னை ஒருமுறை பார்த்தான். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். "ஐயையோ, எதுவும் சொல்லாதீங்க" என்றான். "எனக்கு மூணு குழந்தைங்க."

ஆர்வில் அலமாரியைத் திறந்து சட்டையை எடுத்தார். பூட்ஸை எடுத்தார். தகர டப்பாவை எடுக்கக் கை நீட்டியபோது வெர்ன் நடுவில் வந்து நின்றான். அவன் காது சிவந்திருந்தது.

"அது வேண்டாங்க."

"என் டப்பாடா அது. எர்மா வாங்கினது."

"மூடியில ஓபர்ஹோல்ட்ஸர்னு பெயிண்ட் அடிச்சிருக்கு" என்றான் வெர்ன். "நீக்கப்பட்டவர் சாமான்களை அவரே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கணும்னு மிஸ் ப்ரூயிட் காகிதம் அனுப்பியிருக்காங்க. சட்டையிலயும் பூட்ஸ்லயும் பேர் இல்ல, அதனால நான் ஒண்ணும் பாக்கலை. இதுல இருக்கே. நான் என்ன பண்றது?"

"வெர்ன், என்னைப் பாரு."

வெர்ன் பார்க்கவில்லை. "உள்ள ஊழியர்கள் மட்டும்தான் இருக்கணும், மிஸ்டர் ரோ. நேரமாச்சு."

ஆர்வில் டப்பாவை மெதுவாக அலமாரிக்குள் தள்ளி வைத்தார். சட்டையை மடித்து பூட்ஸுக்குள் திணித்தார். நான் முதலில் வெளியே வந்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்தார், படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாகக் கொஞ்சம் நின்றார், பிறகு இரண்டாவது காலையும் எடுத்தார். வெர்ன் அந்த இரும்புக் கதவை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தினான். உள்ளே சாவி திரும்பியது.